சார்லட் மக்செகேயின் ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் சார்லட் மக்செகே பற்றி அண்மையில் படித்தேன். அந்நாட்டுக் கறுப்பினப் பெண்களில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஆனால் அவ்வளவு பெரிய போராளி, மிஷனரிகள் கொண்டுவந்த மதத்தை ஏன் கடைசிவரை உதறவில்லை? சபைப்பணி அவருடைய அரசியலைக் குறுக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். அவர் பிறந்தது 1871இலா, 1874இலா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

பிறந்த ஆண்டில் நூல்கள் ஒத்துப்போவதில்லை; அதனால் எதுவும் மாறிவிடப் போவதும் இல்லை. அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இந்தப் பதில்.

மிஷனரிகளின் மதம் என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டீர்கள். எந்தச் சபை என்று விசாரித்தீர்களா? பிலடெல்ஃபியாவில், வெள்ளையரின் ஆலயத்தில் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோதே பிடித்து எழுப்பப்பட்ட கறுப்பின மக்கள், வெளியேறித் தமக்கென வளர்த்து, 1816இல் ரிச்சர்டு ஆலன் தலைமையில் முறையாக அமைத்த ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை அது. பாடகர் குழுவோடு அமெரிக்கா சென்ற சார்லட், அழைத்துச் சென்றவர்கள் கைவிட்டதால் ஒஹையோவில் நிர்க்கதியானபோது, வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்ததும் அந்தச் சபைதான். அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸ் அங்கே ஆசிரியராக இருந்த காலம் அது.

அங்கிருந்து அவர் ஜோகன்னஸ்பர்கில் இருந்த தம் சகோதரி கேட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது போதகர் மங்கேனா மொகோனேயின் பார்வைக்கு வந்தது. வெள்ளைப் போதகர்களுக்குச் சமமாகத் தம்மை நடத்தாத வெஸ்லியன் சபையை விட்டு விலகி, 1892இல் பிரிட்டோரியாவில், கறுப்பின மக்களே நடத்தும் எத்தியோப்பியச் சபையைத் தொடங்கியவர் அவர். கடலுக்கு அப்பால் கறுப்பின மக்களே ஆயர்களாக இருந்து நடத்தும் ஒரு சபையும், அதற்கென ஒரு பல்கலைக்கழகமும் இருப்பதை அக்கடிதத்தால் அறிந்த மொகோனே, அச்சபையின் ஆயர் ஹென்றி டர்னருக்கு எழுதினார். 1896இல் இரு சபைகளும் இணைந்தன. 1898இல் டர்னரே தென்னாப்பிரிக்கா வந்து உள்ளூர்ப் போதகர்கள் பலருக்கு அபிஷேகம் செய்தார். வரலாறு எழுதுகிறவர்கள் மொகோனே, அவருடைய சபையின் போதகர் டுவானே, டர்னர் என்று ஆண்களை வரிசையாகப் புகழ்ந்துவிட்டு, அந்த மாணவியின் கடிதத்துக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். நீங்களும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை விட்டுவிட்டீர்கள். பட்டம் அவர் பெற்றது. கடிதம் அவர் செய்தது. வெள்ளையரின் அனுமதியின்றி இரண்டு கண்டங்களின் கறுப்பின மக்களை ஓர் அமைப்பில் சேர்த்த செயலை அரசியல் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று பெயர் பெற்ற இயக்கம் 1912இல் புளூம்ஃபான்டீனில் தொடங்கப்பட்டபோது அவர் அங்கிருந்தார். ஆனால் 1943 வரை பெண்களுக்கு அதில் முழு உறுப்பினர் உரிமை இல்லை. அவர்கள் நிதி திரட்டவும், கூட்டம் நடத்தவும், மேடையில் பேசவும் இடம் கொடுத்தவை சபையின் மாதர் சங்கங்களே. போதகர் பட்டம் இல்லாமலேயே அவர் அங்கே தலைவியானார். 1913இல் புளூம்ஃபான்டீன் பெண்கள், கறுப்பின மக்கள் நகரத்தில் இருக்கக் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டைக் கிழித்துச் சிறை சென்றார்கள். நம் தில்லையாடி வள்ளியம்மை அதே நாட்டில் சிறை புகுந்ததும் அதே ஆண்டில்தான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கொதிப்பிலிருந்து 1918இல் கறுப்பினப் பெண்களின் பாண்டு மாதர் சங்கம் எழுந்தது. மக்செகே அதன் தலைவி.

உங்கள் அக்கறையை நான் குறைத்து எண்ணவில்லை, எம். மதம் பெண்ணைக் கட்டிப்போடும் என்ற அச்சம் நியாயமானது. ஆயினும் அந்த அச்சத்தைக் கொண்டு ஒரு முழு வாழ்க்கையை அளந்துவிடாதீர்கள். சீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பிரதமர் போத்தாவிடம் பெண்கள் குழுவை அழைத்துச் சென்றார். கணவருடன் எவட்டனில் பள்ளி நடத்தினார். ஜோகன்னஸ்பர்கில் சிறார் வழக்குகளுக்கு நன்னடத்தை அலுவலராக இருந்தார். வேலை தேடி நகரத்துக்கு வந்த பெண்களுக்கு வேலைவாய்ப்பு நிலையம் நடத்தினார். 1939இல் இறக்கும்வரை சபைப்பணியையும் விடவில்லை. இதில் எந்த இடத்தில் அவருடைய அரசியல் குறுகியது என்று எனக்கு எழுதுங்கள்.