தரையிறங்கும் நேரத்தில் விமானியின் பளு

கேள்வி: விமானம் உயரம் குறைக்கத் தொடங்கியதும் விமானிகளுக்கு வேலைப்பளு மிகவும் கூடிவிடுகிறது என்கிறார்களே, கட்டுப்பாட்டு அறை தொடர்ந்து வழிகாட்டும்போது அப்படி என்ன சிரமம்? (வாசகர், திருச்சி)

பதில்: அந்த வழிகாட்டுதலே சில வேளைகளில் சுமையாகிவிடும். விமானிகள் உயரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் குறைத்தபடியே, ரேடியோவில் வரும் ஒவ்வோர் உத்தரவையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். ஓடுபாதை மாறினால் கணினியில் பதித்த வழியையும் மாற்றியாக வேண்டும்.

1995 டிசம்பர் 20 இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குச் சென்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானத்துக்கு நேர்ந்தது இதற்கு வேதனையான சான்று. சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த அந்த போயிங் 757 விமானத்திடம், விமான நிலையத்தைக் கடந்துபோய்த் திரும்பி வராமல் வடக்கிலிருந்து நேரே 19ஆம் ஓடுபாதையில் இறங்க இயலுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்டதுதான், விமானிகளும் ஒப்புக்கொண்டார்கள். அத்துடன், நிதானமாகச் செய்ய வேண்டிய வேலைகளெல்லாம் சில நிமிடங்களுக்குள் நெருக்கத் தொடங்கின. விரைந்து இறங்குவதற்காக இறக்கைகளின் மேலுள்ள வேகத்தடைத் தகடுகளை விரித்தார்கள். காலிக்கு நேரே செல்ல அனுமதி கிடைத்ததாகப் புரிந்துகொண்டு அதைக் கணினியில் பதித்தபோது, இடைவழிப் புள்ளிகள் திரையிலிருந்து மறைந்துபோயின. கடந்ததும் தெரிவிக்குமாறு கட்டுப்பாட்டாளர் சொல்லியிருந்த துலுவாவும் அவற்றுள் ஒன்று. அந்தக் குழப்பத்துக்கிடையே, ரோசோ என்னும் வழிகாட்டி நிலையத்துக்காக ‘ஆர்’ என்ற எழுத்தைப் பதித்தார்கள். கணினியோ அதே எழுத்துக்குரிய, பொகோட்டாவுக்கு அருகிலுள்ள வேறொரு நிலையத்தை எடுத்துக்கொண்டு விமானத்தை இடப்புறம், மலைகளின் பக்கம் திருப்பியது. எச்சரிக்கை ஒலித்தவுடன் மேலெழுப்ப முயன்றபோதும் வேகத்தடைத் தகடுகள் மடக்கப்படாமலே இருந்தன. 163 பேரில் 159 பேர் உயிரிழந்தார்கள்.

அங்கே அப்போது ரேடார் இல்லை. விமானிகள் கேட்டவை அவர்கள் இருக்க வேண்டிய இடத்தோடு பொருந்தவில்லை என்பதைக் கட்டுப்பாட்டாளர் உணர்ந்தும், வழக்கமான உத்தரவுச் சொற்களைத் தாண்டி விசாரிக்கும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. விமானிகளின் பிழைகளைப் பட்டியலிடுவோர் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பேன்.

கேள்வி: கட்டுப்பாட்டாளர் சொல்லும் குறுக்குவழியை விமானி மறுக்கலாமா?

பதில்: தாராளமாக மறுக்கலாம். ‘அன்ஏபிள்’, அதாவது இயலாது, என்பது அதற்கென்றே வகுக்கப்பட்ட ரேடியோச் சொல். தயாராக நேரம் போதாவிட்டால் வானில் வட்டமிட்டுக் காத்திருக்க அனுமதி கேட்கலாம். அப்படிக் கேட்பதைத் திறமைக் குறைவாக எந்த நிறுவனமும் கருதக் கூடாது.