ப்ளஸ்ஸும் ப்ளஸ்ஸும் தள்ளும்னா அணுக்கரு ஏன் சிதறல?

அணுக்கருவுக்குள்ள இருக்கற ப்ரோட்டான் எல்லாமே ப்ளஸ் சார்ஜ், ஒண்ணையொண்ணு தள்ளத்தான் தள்ளுது, ஆனா அதைவிட பலமா ஒரு விசை இழுத்துப் பிடிச்சிருக்கு, அதுதான் வலுவான அணுக்கரு விசை. ப்ரோட்டான், நியூட்ரான் ஒவ்வொண்ணுக்குள்ளயும் குவார்க்னு இன்னும் சின்ன துகள் மூணு இருக்கு, அதுங்கள குளுவான்ங்கற துகள் பசை மாதிரி கட்டி வச்சிருக்கு, அந்தக் கட்டோட மிச்சம்தான் வெளிய கசிஞ்சு பக்கத்துல இருக்கறதையும் இழுக்குது (எனக்கு இது இன்னிக்கும் ஆச்சரியம்தான்).

இங்க யாங்கோன்ல காலையில சாப்பிடற கவுணி அரிசிய பாருங்க. வெந்த பருக்கை ரெண்டு தொட்டுக்கிட்டா விரலால பிரிக்கறதே கஷ்டம், நூலளவு இடைவெளி விட்டா ஒட்டவே ஒட்டாது. இந்த விசையும் அப்படித்தான், ஒரு மில்லிமீட்டர்ல லட்சம் கோடில ரெண்டு மூணு பங்கு தூரம் தாண்டினாலே காணாம போயிடும், ஆனா மின்சாரத் தள்ளல் அதுக்கப்புறமும் எட்டும். அதனாலதான் 92 ப்ரோட்டான் இருக்கற யுரேனியம் மாதிரி பெரிய கரு தாங்க முடியாம தானாவே துண்டு துண்டா வெளிய விடுது.

ஈர்ப்பு விசைதான் கருவ பிடிச்சிருக்குன்னு பலர் நினைக்கறாங்க, அது தப்பு, ரெண்டு ப்ரோட்டானுக்கு நடுவுல மின்சாரத் தள்ளல் ஈர்ப்பவிட 1-க்குப் பின்னாடி 36 சைபர் போட்ட மடங்கு பெருசு.