மைலுக்கு எத்தனை சென்ட் என்பதை அப்புறம் பார்க்கலாம்

தம்பி, எந்த டிரக் கம்பெனியில் சேர்வது என்று கேட்டு நீ எழுதியதில் ஊர் பாவூர்சத்திரம் என்று பார்த்ததும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். நான் பக்கத்துச் சுரண்டைக்காரன். 2019-ல் தென்காசியைத் தனி மாவட்டமாக்கிவிட்டார்கள், இருந்தாலும் யாராவது ஊர் கேட்டால் வாயில் திருநெல்வேலிதான் வருகிறது. கனடாவுக்கு, இந்த பிராம்ப்டனுக்கு வந்து பதினாலு வருஷம், அதில் பதினொன்று டிரெய்லர் லாரி ஓட்டி.

ஏஇசட் லைசென்ஸ் (இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுவதற்கானது) வந்தாச்சு, இரண்டு கம்பெனி கூப்பிடுகிறது, ஒருவன் மைலுக்கு 70 சென்ட் தருகிறேன் ஆனால் உன் பேரில் ஒரு கம்பெனி பதிவு பண்ணிக்கொண்டு வா என்கிறான், இன்னொருவன் 58 சென்ட், பிடித்தமெல்லாம் போகத்தான் சம்பளம், எதற்குப் போக என்று கேட்டிருக்கிறாய். (ரோட்டுப் பலகையில் கிலோமீட்டர், சம்பளத்தில் மட்டும் மைல். பழகிவிடும்.)

58-க்குப் போ.

நானும் முதலில் உன் 70 மாதிரி ஒருத்தனிடம்தான் சேர்ந்தேன். கம்பெனிப் பேரில் காசோலை வரும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லீவுச் சம்பளம் கிடையாது, வேலை போனால் இன்சூரன்ஸ் கிடையாது, பென்ஷன் பிடித்தத்தில் முதலாளி கட்டவேண்டிய பாதியும் உன் தலையில், வருஷக் கடைசியில் வரி. நீ அவன் வண்டியை, அவன் சொன்ன நேரத்துக்கு, அவன் சொன்ன இடத்துக்கு ஓட்டினால் நீ ஊழியன்தான். மாகாணம் தாண்டி ஓடும் கம்பெனிகள் ஊழியரை ஊழியர் இல்லை என்று காட்டுவதை 2021 ஜனவரியிலிருந்து சட்டமே தடுக்கிறது. அப்படியும் நடக்கிறது. நான் விலகியபோது கடைசி இரண்டு வாரக் காசு வரவேயில்லை.

ஆனால் எனக்கு ஆறாதது அந்தக் காசு இல்லை, காத்திருப்பு. சிகாகோ பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. காலை 6 மணிக்குக் கிளம்பி 9 மணிக்கு கேட்டில் நின்றேன். உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றைக் கொடுத்து, சிவப்பு விளக்கு எரிந்தால் வா என்றார்கள். புளியரை செக்போஸ்டில் வரிசையில் நிற்கும் லாரிகளைப் பார்த்திருப்பாய், அங்கேயாவது இறங்கி ஒரு டீ குடிக்கலாம், பக்கத்து வண்டிக்காரரிடம் நாலு வார்த்தை பேசலாம். இங்கே அவனவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான். குட்டிக் குக்கரில் சோறு வைத்து, இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுச் சாப்பிட்டு, தூங்கி எழுந்தும் விளக்கு எரியவில்லை. லோடு ஏறும்போது மணி 4. அமெரிக்காவில் வேலையைத் தொடங்கி 14 மணி நேரம் ஆனதும் வண்டியை நிறுத்தியாக வேண்டும், நடுவில் காத்திருந்தேன் என்றால் கடிகாரம் நிற்காது, வண்டியில் இருக்கும் ஈஎல்டி என்ற மின்னணு நேரப் பதிவுப் பெட்டி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கும். மிச்சம் 4 மணி நேரம். 8 மணிக்கு எந்த டிரக் ஸ்டாப்பிலும் இடம் இல்லை. காத்திருந்த ஏழு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கம்பெனியில் லோடு ஒதுக்கும் டிஸ்பேட்சரிடம் கேட்டேன், கஸ்டமர் எங்களுக்கே தரவில்லை என்றான். போச்சு.

லாரிக்காரர்கள் புலம்புவதில் முக்கால்வாசி இதுதான். அதனால் மைல் ரேட்டைக் கடைசியாகக் கேள். காத்திருப்புக்கு எத்தனாவது மணியிலிருந்து காசு, கஸ்டமர் தராவிட்டாலும் நீ தருவாயா, காலி டிரெய்லரோடு திரும்பினால் மைல் உண்டா, ரோட்டில் வண்டி படுத்துவிட்டால் அன்றைக்கு என்ன கணக்கு? எழுத்தில் தரச் சொல். "பார்த்துக்கலாம் பிரதர்" என்றால் எழுந்து வந்துவிடு. எல்எம்ஐஏ-க்கு (வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) காசு கேட்டாலும் அப்படியே, அந்தச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது.

கம்பெனியின் சிவிஓஆர் அறிக்கையை, அதாவது அதன் வண்டிகளின் பாதுகாப்புப் பதிவை, ஒன்டாரியோவில் யாரும் கட்டணம் கட்டி வாங்கிப் பார்க்கலாம். அதைவிட நல்லது, சனிக்கிழமை அவன் யார்டு வாசலில் போய் நின்று டயரைப் பார், டிரெய்லரைப் பெருக்கிக்கொண்டிருக்கிற டிரைவரிடம் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேள். எல்லாரும் ஆறு மாதம் என்றால் உனக்கே புரியும்.

முதல் பனிக்காலத்தில் சூப்பீரியர் ஏரியை ஒட்டிய 17-ஆம் நம்பர் ரோட்டுக்குத் தனியாக அனுப்பினால் முடியாது என்று சொல். ஆரியங்காவு மலைப்பாதையில் ஓட்டியவன் நான் என்று கிளம்பிவிடாதே, அங்கே ஐஸ் கிடையாது.

இரண்டு ஒப்பந்தத்தையும் படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.