எஃப் போட்ட பிராசஸர் வாங்கலாமா?

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். இன்டெல் ஐ5 12400எஃப் பிராசஸர் எடுத்தால் காசு மிச்சம் என்கிறார் கடைக்காரர். கிராஃபிக்ஸ் கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கூடாது. அந்த ‘எஃப்’ இருந்தால் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், கேபிளைச் செருகிவிட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், படம் வராது. எஃப் இல்லாத 12400 எடுங்கள். மதர்போர்டு ஏற்பது டிடிஆர்4 வகை ராமா, டிடிஆர்5 வகையா என்று பார்த்துவிட்டு ராம் வாங்குங்கள், இரண்டு ராமுக்கும் விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. அப்புறம், கேபினெட்டோடு ஓசியில் தருகிற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மட்டும் வேண்டவே வேண்டாம். என்னுடையது ஒருநாள் ‘டப்’ என்று போனது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு. பின்னால் கார்டு போடுவதாக இருந்தால் இப்போதே 550 வாட்ஸ், ‘80 பிளஸ் ப்ரான்ஸ்’ (Bronze) என்ற மின்சிக்கன ரேட்டிங் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸாக எடுத்துவிடுங்கள்.