லைசென்ஸ் அவருடையது, உழைப்பு என்னுடையது: பங்கு கிடைக்குமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் கான்ட்ராக்டராக இருக்கிறேன். ஏற்காடு மலைப்பாதையில் தடுப்புச்சுவர் வேலை. டெண்டர் போடும் அளவுக்கு எனக்குப் பதிவு கிடையாது. முதல் நிலைப் பதிவு வைத்திருக்கும் நண்பர் பெயரில் எடுத்து, லாபம் பாதிக்குப் பாதி என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டோம் (நகல் இணைத்துள்ளேன்). முதல் போட்டது, ஆள் வைத்து முடித்தது எல்லாம் நான். வேலை முடிந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. பில் பணம் முழுக்க அவர் கணக்கில் ஏறிவிட்டது. என் பங்கு 18 லட்சத்தைத் தர மறுக்கிறார். அவர் மகள் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவன் நான். போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கல்யாணத்தை விடுங்கள், அது வழக்குக்கு உதவாது. பத்திரத்தின் மூன்றாவது வரியைப் படியுங்கள்: "இரண்டாம் பார்ட்டி பெயர் ஆபீசுக்குத் தெரிய வேண்டியதில்லை." உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த வரியில்தான்.

ஜாயின்ட் வென்ச்சர் (இருவர் வெளிப்படையாகச் சேர்ந்து ஒரே டெண்டர் எடுப்பது) என்றால், அதற்கு டெண்டர் நிபந்தனையில் இடம் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தை டெண்டரோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் செய்தது அது இல்லை. லைசென்சை இரவல் வாங்கி, துறைக்குத் தெரியாமல் வேலை செய்திருக்கிறீர்கள். ஒப்பந்தச் சட்டம் 23-ஆவது பிரிவைக் காட்டி, இந்தப் பத்திரமே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். இருவரும் சேர்ந்துதானே மறைத்தீர்கள், ஒருவருக்கு மட்டும் நான் எதற்கு உதவ வேண்டும் என்று நீதிபதி கேட்க இடம் இருக்கிறது.

அதனால் போலீஸ் பக்கம் போகாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். "வேலை முழுக்க நான் செய்தேன், அவர் லைசென்ஸ் மட்டும்தான் கொடுத்தார்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சிவில் வழக்கில் அந்தப் புகாரையே எதிர்த்தரப்பு ஆவணமாகக் குறியீடு செய்தது. குறுக்கு விசாரணையில் அவரால் வாய் திறக்க முடியவில்லை. கூட்டுத் தொழிலின் சொத்தைக் கூட்டாளி எடுத்துக்கொண்டார் என்பதைப் பொதுவாக நம்பிக்கை மோசடியாகப் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. அந்தப் புகாரும் நிற்கவில்லை.

இன்னொரு குழி, வழக்கை எப்படிப் போடுவது என்பதில் இருக்கிறது. உங்களுடையது போன்ற கூட்டுத் தொழில் பதிவாகாதபோது, 18 லட்சம் கொடு என்று கூட்டாளி மீது பண வசூல் வழக்குப் போட்டால் கூட்டாண்மைச் சட்டம் 1932-இன் 69-ஆவது பிரிவு வாசலிலேயே நிறுத்திவிடும். கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட அதே பிரிவு வழி விடுகிறது. ஆனால் ஒரே வேலைக்கான கூட்டு, அந்த வேலை முடிந்ததுமே 42-ஆவது பிரிவின்படி கலைந்துவிடும். அன்றிலிருந்து காலக்கெடு மூன்றே வருடம். கடைசி பில் வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உங்களுக்கு மிச்சம் ஐந்து மாதம்தான். "பார்த்துக்கலாம்ணே" என்று அவர் போனில் சொல்வது அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. பாக்கி உண்டு என்று கெடுவுக்குள் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புதிதாக மூன்று வருடம் ஓடும்.

நேராகவே சொல்கிறேன், பேசி முடியுங்கள். விஷயம் வெளியே வந்தால் அவர் பதிவுக்கே ஆபத்து. இறங்கிவர அவருக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதைச் சொல்லி மிரட்டினால் உங்கள் மேல் வேறு வழக்கு வரும். 18 கேட்கும் இடத்தில் 11, 12 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள்: உத்தரவாதக் காலத்தில் மழையில் சுவர் விரிசல் விட்டால் செலவு யாருடையது? துறை அவரைப் பிடிக்கும், அவர் உங்களைப் பிடிப்பார். அதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

இரண்டு மாதத்தில் முடியாவிட்டால், ஜல்லி, எம்-சாண்ட், கம்பி பில்கள், கூலிப் பட்டியல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி கோர்ட்டில் சிவில் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். மூன்றாவது வரியை அவரிடம் மறைக்காதீர்கள்.