மாமியின் விரல் சொடுக்கு

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இருப்பது டொரொன்டோ, ஸ்கார்பரோவில். கணவர் ஈரானியர், வேலையிடத்தில் பழகிக் கட்டினோம். இரண்டு வருடத்துக்கு முன் மாமா இறந்தபிறகு மாமி எங்களோடு வந்துவிட்டார். வயது 78. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

காலையில் சீனிக்கட்டியைப் பல்லுக்கிடையில் வைத்துத் தேநீர் குடிக்கும்போதே பாட்டுத் தொடங்கிவிடும். எல்லாம் மஹ்வாஷ் என்ற ஒருத்தியின் பாட்டு. 1950களில் தெஹ்ரான் காபரேக்களில் பாடி ஆடி, சினிமாவிலும் வந்தவளாம். மாமியும் கல்யாணத்துக்கு முன் அங்கே லாலேஸார் தெருவில் பாடியவர்தான். கேட்கட்டும், ஆனால் இந்தச் சத்தத்திலா? சொன்னால் இரண்டு நாள் குறைப்பார், மூன்றாம் நாள் பழையபடி.

அதோடு விரல் சொடுக்கு. இரண்டு கையையும் கோத்து, மரச்சட்டம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். என் 13 வயது மகளும் பழகிவிட்டாள். சமையலறையில் இருவரும் சேர்ந்து ஆட்டம். பரதநாட்டிய வகுப்பென்றால் மட்டும் அவளுக்குக் கால் நோகிறதாம். கணவரிடம் சொன்னால் "அம்மா பாவம்" என்கிறார். நான் பாவமில்லையா?

ஆறு மாதமாக மாமி என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதும் இல்லை. மருந்து, டாக்டர் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். மகளின் சாமத்தியச் சடங்கில் புதுச் சேலை கட்டிவிட்டு, மேடைக்குக் கூப்பிட்டு, என் ஆட்கள் எல்லோருக்கும் அறிமுகம் செய்தேன். டீச்சராக இருந்தவர் என்று சொன்னேன், அது வேறு விஷயம், அந்தக் கூட்டத்தில் வேறென்ன சொல்ல? அவருக்குத் தமிழும் தெரியாது. இவ்வளவு செய்தும் எனக்குக் கிடைப்பது இந்தச் சத்தம்தான். எப்படிச் சொல்லி நிறுத்துவது?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

சத்தத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், அந்தப் பிரச்சினை முடிந்தது. என்னை நிறுத்தியது "அது வேறு விஷயம்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான்.

மாமிக்குத் தமிழ் தெரியாது. சரி. டீச்சர் என்ற சொல்லும் தெரியாதா? மைக்கில் அதைக் கேட்டு உங்கள் பெரியம்மாமார் தலையாட்டியதை அவர் புதுச் சேலையோடு நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? சடங்கு எப்போது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு முன் என்று நினைக்கிறேன்.

காபரே என்றால் நமக்குப் பழைய தமிழ்ப் படந்தான் ஞாபகம் வரும். வில்லன் கிளாஸோடு சாய்ந்திருப்பான், பின்னால் ஒருத்தி ஆடுவாள். லாலேஸார் அவ்வளவில் அடங்குகிற தெரு அல்ல. நாடக அரங்கும் சினிமாவும் கஃபேயும் ஒன்றை ஒன்று ஒட்டி நின்ற இடம் அது. மஹ்வாஷைக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள், சாதாரண ஜனங்கள். மலிவு என்று முகம் சுளித்தவர்கள் படித்தவர்கள். அவருடைய பேர்பெற்ற பாட்டு ஒன்று "யார் சொன்னது கோணல் என்று?" எனக் கேட்கும். வீட்டில் அது ஓடுகிறதா என்று கவனியுங்கள். 1961 ஜனவரியில் கார் விபத்தில் அவர் இறந்தபோது தெஹ்ரானில் திரண்ட கூட்டம் அதுவரை ஒரு பாடகிக்குக் கூடியதில்லை என்பார்கள். உங்கள் மாமிக்கு அப்போது 13 வயது இருக்கும். உங்கள் மகளின் வயது.

1979 புரட்சிக்குப் பிறகு காபரேக்கள் மூடப்பட்டன. ஆண்கள் கேட்க ஒரு பெண் தனியாகப் பாடக்கூடாது என்ற தடை இன்றும் இருக்கிறது. கூகூஷ் எவ்வளவு பெரிய பாடகி! ஈரானுக்குள் 20 வருடத்துக்கு மேல் வாய் திறக்காமல் இருந்து, 2000இல் வெளியே வந்து பாடிய ஊர் உங்கள் டொரொன்டோதான். உங்கள் மாமியும் அந்த நாட்டுப் பெண். பாடினேன் என்று சொல்லவே பயந்த வருடங்கள் அவருக்கும் இருந்திருக்கும். பேரப்பிள்ளையின் விசேஷத்தில், யாரும் தடுக்காத ஊரில், மருமகளே மைக்கைப் பிடித்து அந்தப் பாட்டுக்காரியை இல்லாமல் ஆக்கிவிட்டார். கடுமையாகத்தான் சொல்கிறேன். மருந்து வாங்கிக் கொடுத்தது இதை ஈடுகட்டாது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஈரானியரைக் கட்டியதற்கே வீட்டில் என்ன என்ன கேட்டீர்களோ. அந்த வாய்களுக்கு இன்னொரு அவல் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பெரியம்மாமாருக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள கணக்கை மாமியின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். மகள் அன்று பக்கத்தில்தான் நின்றாள். பாட்டி பாடியதும் அவளுக்குத் தெரியும், அம்மா மாற்றிச் சொன்னதும் தெரியும். சமையலறையில் அவள் யார் பக்கம் போய் நிற்கிறாள் என்று இப்போது பாருங்கள்.

கணவரைத் தூது விடாதீர்கள். நீங்களே மாமியிடம் போய், அன்று சொன்னது பிழை என்று சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பெரியம்மாமாரில் வாய் நீளமான ஒருவரைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடுங்கள், மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லவேண்டிய தேவை இருக்காது.

அந்த விரல் சொடுக்கையும் கேட்டுப் பழகுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் இரண்டு கையையும் கோத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.