வெளிநாட்டில் மூட்டு அறுவை: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. மாற்று அறுவை சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் பதிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தேதி தள்ளிக்கொண்டே போகிறது. வெளிநாட்டில் அடுத்த மாதமே செய்துவிடலாம், டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்கிறார் ஒரு ஏஜென்ட். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். போகவே கூடாது என்று சொல்லவில்லை. அவசர நோயாளிகள் வந்தால் முதலில் தள்ளிப்போவது இந்த மாதிரி அறுவைகள்தான். வசதியான நாடுகளிலும் இதே கதை: இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியலில் 2023 செப்டம்பரில் 77 லட்சத்துக்கும் அதிகமான சிகிச்சைகள் நிலுவையில் இருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்பதற்காக ஒரு பெரியவரை வலியோடு உட்கார வைப்பது அநியாயம். வெளியே போக நினைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அறுவை சில மணி நேர வேலை. அதன் பிறகு பிசியோதெரபி பல வாரம் நடக்கும். புண்ணில் கிருமித் தொற்று வந்தால், அது பெரும்பாலும் ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். அப்போது யார் பார்ப்பார்கள்? ஏஜென்டிடம் பேசும் முன், உள்ளூரில் ஒரு எலும்பு மருத்துவரிடம் 'வெளியே செய்துவிட்டு வந்தால் தொடர்ந்து பார்ப்பீர்களா?' என்று கேளுங்கள். அவர் சரி என்று சொல்லாதவரை பணம் கைமாற வேண்டாம்.

அடுத்தது, உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு. அதன் நிறுவனம், மாடல், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) அச்சிட்ட ஸ்டிக்கர் பெட்டியிலேயே வரும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அதை ஒட்டித் தரச் சொல்லுங்கள். 2010-ல் ஒரு வகை இடுப்பு மூட்டை அதைத் தயாரித்த நிறுவனமே உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அந்த எண் கையில் இல்லாதவருக்குத் தன் உடம்புக்குள் இருப்பது எது என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு.

ஏஜென்டுக்குப் பெரும்பாலும் மருத்துவமனையிடமிருந்து கமிஷன் வரும். அதனால் மருத்துவமனையிடமே நேரடியாக எழுத்தில் கேளுங்கள். அறுவை செய்பவர் பெயர் என்ன, அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன? ஐசியுவில் கூடுதல் நாள் தங்க நேர்ந்தால் செலவு யாருடையது? அங்கே போன பிறகு இதயமோ சர்க்கரையோ சரியில்லை, அறுவை வேண்டாம் என்று சொன்னால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? 'ஜேசிஐ சான்று இருக்கிறது' என்பார்கள்; ஜேசிஐ என்பது மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் ஒரு சர்வதேச அமைப்பு. அது நல்லதுதான், ஆனால் மருத்துவமனையின் நடைமுறைகளுக்குக் கிடைத்த சான்று அது. மருத்துவரின் கைத்திறனுக்கு அல்ல. சாதாரணப் பயணக் காப்பீடும் பொதுவாகத் திட்டமிட்ட சிகிச்சைக்கு உதவாது.

திரும்பும் டிக்கெட்டை ஏஜென்ட் முடிவு செய்ய விடாதீர்கள். மூட்டு மாற்றியதும் நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். எப்போது பறக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம், இந்த வாரமே இன்னொன்றும் செய்யுங்கள். இப்போதுள்ள மருத்துவமனையில், வரிசை குறைவான வேறு அரசு மருத்துவமனைக்கு மாற்றித் தர முடியுமா, யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் அந்த இடத்துக்கு அப்பாவைக் கூப்பிடுவார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள்.